வண்ண அச்சுப்பொறி: விலையைக் கேட்குமுன் கணக்கைப் போடுவோம்

எமது மட்டாஞ்சேரிக் கிளைக்குச் சென்ற பருவமழைக் காலத்தில் ஒரு நாள் முற்பகல் வாடிக்கையாளர் அம்மையார் ஒருவர் வந்தார். கையில் தொடர் வைப்புக் கணக்கின் புத்தகம் இருந்தது. கணக்கு முதிர இன்னும் நான்கு மாதங்களே இருந்தன. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென மாதந்தோறும் சேர்த்த பணம் அது. அதை முன்கூட்டியே முடித்துத் தரவேண்டும் என்று கேட்டார். காரணம் வினவினோம். வீட்டுக் கணினிக்குப் புதிய வண்ண அச்சுப்பொறி வாங்க வேண்டுமாம்.

அவர் வீட்டிலேயே மிளகுப்பொடியும் மசாலாப் பொடியும் அரைத்துப் பொட்டலமிட்டு யூதத் தெருவை ஒட்டிய கடைகளுக்குக் கொடுப்பவர். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டுகளையும் மகளின் பள்ளிப் பாடக் குறிப்புகளையும் வீட்டிலேயே அச்சிட்டு வந்தார். முன்பு வாங்கிய பொறியைப் பற்றி அவர் சொன்ன ஒரே வாக்கியம்: “மெஷின் நாலாயிரம்தான் சார், மை வாங்கித்தான் மாளலை.”

இந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. அச்சுப்பொறி என்பது ஒருமுறை விலை கொடுத்து வாங்கி முடித்துவிடும் பொருளன்று. அது வீட்டுக்குள் வந்து அமரும் மாதச் செலவு. கடனுக்கு வட்டியைப் பார்ப்பது போல, அச்சுப்பொறிக்கு மையின் விலையைப் பார்க்க வேண்டும்.

மலிவான பொறி, விலையுயர்ந்த மை

வீட்டுப் பயன்பாட்டிலுள்ள வண்ண அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை மைத்தாரை வகையைச் சேர்ந்தவை. கடைக்காரர் மொழியில் இங்க்ஜெட். சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாகத் தாளின்மேல் தெளித்து எல்லா நிறங்களையும் இவை உருவாக்குகின்றன.

இவற்றின் வணிகமுறை பழைய சவரக்கத்தி வணிகத்தைப் போன்றது. பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு அலகில் ஆதாயம் காண்பது அதன் வழி. அதுபோலப் பொறியைக் குறைந்த விலைக்கு விற்று, கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு மைப்பெட்டியில் ஆதாயம் காண்கின்றனர். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆயினும் வாங்குபவர் இதை அறிந்து வாங்க வேண்டும்.

வண்ண மைப்பெட்டியில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. மலிவான பொறிகள் பலவற்றில் மூன்று நிறங்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும், மற்ற இரு நிறங்கள் மீதமிருக்க, பெட்டி முழுவதையும் மாற்ற நேரும். ஒரே நிறம் மிகுந்த சீட்டுகளை அச்சிடுவோருக்கு இது பெரும் இழப்பு. மஞ்சளும் சிவப்பும் நிறைந்த மசாலாச் சீட்டு அச்சிட்ட எம் வாடிக்கையாளர் இதை நன்கு அறிவார்.

இந்திய நகரங்களில் இதற்கு மக்களே ஒரு மாற்று கண்டனர். பழுதுபார்ப்போர் மைப்பெட்டியில் துளையிட்டு, மெல்லிய குழாய்களை இணைத்து, பொறிக்கு வெளியே மைத்தொட்டிகளை வைத்தனர். இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் இவ்வழக்கம் பரவியது. நிறுவனங்கள் இதைக் கண்டும் காணாமலும் இருக்க இயலவில்லை. எப்சன் நிறுவனம் தொட்டியுடன் கூடிய பொறியை 2010-இல் இந்தோனேசியாவிலும், 2011-இல் இந்தியாவிலும் தானே விற்பனைக்குக் கொணர்ந்தது. கேனான் 2015-லும், எச்.பி. 2016-லும் தத்தம் மைத்தொட்டிப் பொறிகளை வெளியிட்டன. பிரதர் நிறுவனமும் இவ்வகையை விற்கிறது. இங்கே வணிகமுறை தலைகீழானது. பொறியின் விலை உயர்ந்தது. குப்பியில் வரும் மையின் விலை வெகுவாகத் தாழ்ந்தது.

பக்கம் ஒன்றுக்கு என்ன செலவு?

கடையில் கேட்க வேண்டிய முதல் வினா “பொறி என்ன விலை?” என்பதன்று. “இதற்குரிய மை என்ன விலை? அது எத்தனை பக்கம் வரும்?” என்பதே. மையின் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் பக்கச் செலவு கிடைக்கும்.

இந்தப் பக்க எண்ணிக்கை வெறும் விளம்பரக் கூற்றன்று. மைத்தாரை வண்ணப் பொறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 24711 என்னும் பன்னாட்டு அளவுமுறை உண்டு. அதற்கென வகுக்கப்பட்ட மாதிரிப் பக்கங்களை அச்சிட்டு மைப்பெட்டியின் அளவைக் கணக்கிடுவர். அம்மாதிரிப் பக்கங்கள் அலுவலகக் கடிதம் போன்றவை. அவற்றில் மை படியும் பரப்பு குறைவு. தாள் முழுவதும் நிறம் நிறையும் புகைப்படத்துக்கோ கடவுள் படத்துக்கோ அந்த எண்ணிக்கை பொருந்தாது. குப்பியில் 7,500 பக்கம் என்றிருந்தால் 7,500 புகைப்படம் என்று கொள்ளலாகாது.

இனி ஒரு கணக்கைப் போடுவோம. கீழ்வரும் விலைகள் கணக்குக்காக யாம் எடுத்துக்கொண்டவை. தங்கள் கடையில் கேட்டறிந்த விலைகளை அவ்விடங்களில் இட்டு, தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, மைப்பெட்டிப் பொறி. பொறி விலை 4,000 ரூபாய். கறுப்புப் பெட்டி 800 ரூபாய், 200 பக்கம் வரும். எனவே பக்கத்துக்கு 4 ரூபாய். வண்ணப் பெட்டி 1,050 ரூபாய், 150 பக்கம் வரும். எனவே பக்கத்துக்கு 7 ரூபாய். வண்ணப் பக்கத்துக்குக் கறுப்பு மையும் செலவாவதால் அதன் முழுச் செலவு 11 ரூபாய்.

இரண்டாவது, மைத்தொட்டிப் பொறி. பொறி விலை 12,500 ரூபாய். கறுப்புக் குப்பி 400 ரூபாய், 4,000 பக்கம் வரும்; பக்கத்துக்கு 10 காசு. வண்ணக் குப்பிகள் மூன்றும் சேர்ந்து 1,200 ரூபாய், 6,000 பக்கம் வரும். பக்கத்துக்கு 20 காசு. வண்ணப் பக்கத்தின் முழுச் செலவு 30 காசு.

மாதம் 60 கறுப்புப் பக்கமும் 20 வண்ணப் பக்கமும் அச்சிடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மைப்பெட்டிப் பொறியில் மாத மைச்செலவு 240-உம் 220-உம் சேர்ந்து 460 ரூபாய். மைத்தொட்டிப் பொறியில் 6-உம் 6-உம் சேர்ந்து 12 ரூபாய். மாதம் 448 ரூபாய் மிச்சம். இரு பொறிகளுக்கும் இடையிலான 8,500 ரூபாய் விலை வேறுபாட்டை அந்த மிச்சம் 19 மாதங்களில் ஈடுசெய்துவிடும். மூன்று ஆண்டு முடிவில் பொறியும் மையும் சேர்ந்து முதலாவதற்கு 20,560 ரூபாய். இரண்டாவதற்கு 12,932 ரூபாய். விலை குறைந்த பொறியே 7,628 ரூபாய் கூடுதலாக விழுங்கியிருக்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு

இத்துடன் கணக்கை முடித்தால் மைத்தொட்டிப் பொறியே சிறந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் வங்கியாளர் பார்வையில் ஒரு வினா எஞ்சுகிறது: வாங்காமலே இருந்தால் என்ன?

மட்டாஞ்சேரியில் நகலகம் இல்லாத தெரு அரிது. கேரளத்தில் 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அட்சயா மையங்களும் இன்று எங்கும் உள்ளன. கறுப்புப் பக்கத்துக்கு 3 ரூபாய், வண்ணப் பக்கத்துக்கு 10 ரூபாய் எனக் கொள்வோம். அதே வீட்டின் மாதச் செலவு 180-உம் 200-உம் சேர்ந்து 380 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 13,680 ரூபாய். இதில் தாளின் விலையும் அடக்கம்.

வீட்டுப் பொறிக்குத் தாளை நாம் வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு 2,880 தாள். 500 தாள் கொண்ட கட்டு 300 ரூபாய் என்றால் ஆறு கட்டுக்கு 1,800 ரூபாய். ஆகவே மைத்தொட்டிப் பொறியின் மூன்று ஆண்டு முழுச் செலவு 14,732 ரூபாய். மைப்பெட்டிப் பொறிக்கோ 22,360 ரூபாய். மூன்றிலும் மலிவானது நகலகமே.

நான்காம் ஆண்டில் நிலை மாறுகிறது. நகலகச் செலவு 18,240 ரூபாயாக உயரும். மைத்தொட்டிப் பொறி உழைத்தால், எட்டுக் கட்டுத் தாளையும் சேர்த்து, 15,476 ரூபாயில் நிற்கும். எனவே பொறியின் உண்மையான ஆதாயம் அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில்தான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலேயே பழுதாகும் பொறியால் ஆதாயம் இல்லை.

பயன்பாடு குறைந்த வீட்டின் கணக்கு இன்னும் தெளிவானது. மாதம் 10 கறுப்பு, 5 வண்ணப் பக்கம் மட்டும் தேவையென்றால் நகலகச் செலவு 80 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 2,880 ரூபாய். மலிவான பொறியின் விலையைக் கூட அது எட்டவில்லை. இவ்வீட்டார் எந்தப் பொறியையும் வாங்காதிருப்பதே சிக்கனம்.

நகலகத்தை நாடுவோர்க்கு வங்கியின் சார்பில் ஓர் எச்சரிக்கை. ஆதார் அட்டையையும் கணக்கு விவர அறிக்கையையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்சிடும் வழக்கம் பெருகிவிட்டது. அக்கோப்பு அவரது கணினியில் தங்கிவிடும். அச்சிட்டபின் தங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே பெறலாம். அது போதுமான இடங்களில் அதையே பயன்படுத்துங்கள். கணக்கு அறிக்கைகளை வீட்டிலேயே அச்சிட விரும்புவோருக்கு இத்தனிமையே பொறி வாங்கத் தக்க காரணமாகலாம்.

கொச்சியின் ஈரக்காற்றும் மையும்

கொச்சியில் பொறி வாங்குவோர் இவ்வூர்க் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். பொறிக்குள் இரண்டிரண்டாய் இழுபட்டுச் சிக்கும். பிரித்த தாள்கட்டை நெகிழிப் பையில் இட்டுக் கட்டி வைப்பதும், அச்சு முடிந்தவுடன் தட்டிலுள்ள தாளை எடுத்துவிடுவதும் நலம்.

மையிலும் இருவகை உண்டு. ஒன்று நீரில் கரையும் சாயமை. மற்றது நுண்துகள்களைக் கொண்ட நிறமிமை. சாயமையில் நிறங்கள் பளிச்சிடும்; ஆனால் நீர் பட்டால் பரவும். நிறமிமை நீரைப் பெரிதும் தாங்கும். சில பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமிமையாகவும் வண்ணங்கள் சாயமையாகவும் இருக்கும். வேறு சிலவற்றில் நான்கும் சாயமையே. பொட்டலச் சீட்டு அச்சிடுவோர் இதைக் கேட்டறியாமல் வாங்கலாகாது. மழைநாளில் ஈரக்கை பட்டதும் உற்பத்தித் தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் கலைந்துபோனால், சீட்டு இருந்தும் இல்லாததே.

மைத்தாரைப் பொறியைப் பல வாரங்கள் சும்மா விட்டால் மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும். மைப்பெட்டிப் பொறிகள் பலவற்றில் அச்சுமுனை பெட்டியிலேயே இருப்பதால், பெட்டியை மாற்றினால் அடைப்பும் நீங்கும். மைத்தொட்டிப் பொறிகளில் அச்சுமுனை பெரும்பாலும் பொறியோடு நிலையாக இருப்பது. அது முற்றிலும் அடைபட்டால் பழுதுச் செலவு கனக்கும். ஆகவே வாரம் ஒரு வண்ணப் பக்கமேனும் அச்சிடுங்கள். அணைக்கும்போது பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணையுங்கள். சுவரிலுள்ள மின்விசையை நேராக அணைத்தால், அச்சுமுனை தன் மூடிக்குள் சென்று அடங்குமுன்னே பொறி நின்றுவிடலாம்.

அச்சுமுனையைத் துப்புரவு செய்யும்போது வெளியேறும் மை, பொறிக்குள் ஒரு பஞ்சிலோ பெட்டியிலோ சேரும். அது நிறைந்தால் பொறி நின்றுவிடும். அதனை நாமே மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள பொறியா, பழுதகத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய பொறியா என்பதையும் கேளுங்கள்.

நிறம் அடிக்கடி தேவையில்லாதோர், கறுப்பு மட்டும் அச்சிடும் லேசர் பொறியை எண்ணிப் பார்க்கலாம். அதன் மை உலர்தூள் ஆதலால் மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் அடைபடாது. வண்ண லேசர் பொறிகளின் விலையும் நான்கு மைத்தூள் பெட்டிகளின் விலையும் பொதுவாக எளிய வீட்டு வரவுசெலவுக்கு அடங்குவதில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

மட்டாஞ்சேரியினர் எறணாகுளத்தின் பள்ளிமுக்கு, மேனகா பகுதிகளுக்குச் சென்று மூன்று கடைகளிலேனும் விலை கேட்பது நன்று. அங்கே கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்.

• பொறியுடன் வரும் மை முழு அளவா? புதிய மைத்தொட்டிப் பொறியில் குழாய்களை நிரப்பவே முதற்குப்பியின் ஒரு பகுதி செலவாகும்.
• இதே மை நம் ஊர்க் கடைகளில் கிடைக்குமா?
• உத்தரவாதம் ஆண்டுக்கணக்கா, பக்கக்கணக்கா? பல பொறிகளுக்கு இரண்டில் எது முன்னே முடிகிறதோ அதுவே எல்லை. அச்சுமுனையும் அதில் அடங்குமா?
• நிறுவனத்தின் மையல்லாத மையை ஊற்றினால் உத்தரவாதம் என்னாகும்?
• பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் சுமந்து செல்ல வேண்டுமா?
• தம் கணினிக்கும் கைப்பேசிக்கும் பொருந்துமா? நகலெடுக்கும் வசதி உண்டா?

18 விழுக்காடு சரக்கு சேவை வரி காட்டிய பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். பட்டியலில்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடையில் உத்தரவாதமும் குறைந்துவிடும். குறையிருந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்பது

பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி கிடையாது என்னும் அறிவிப்பைக் கண்டு மயங்கலாகாது. வட்டியே இல்லாத கடன் என்னும் கருத்து நடைமுறையில் இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 சுற்றறிக்கையில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. இன்றைய கடன் அட்டைத் தவணைகளில் பொதுவாக நடப்பது இதுவே: வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் கழிக்கிறார், அட்டை வழங்கிய வங்கி வட்டியை வசூலிக்கிறது, அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு வரியும் விழுகிறது. வட்டி 900 ரூபாய் என்றால் வரி 162 ரூபாய். செயல்முறைக் கட்டணம் 200 ரூபாய் என்றால் வரியுடன் 236 ரூபாய். ஆக, வட்டியில்லாத் தவணைக்கு 398 ரூபாய் சென்றுவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய தொகை இதில் சேரவில்லை.

தொடர் வைப்பை முறிப்பதும் இதுபோன்றதே. முன்முடிப்புக்கு வட்டி குறையும், கழிவும் இருக்கலாம். அவ்வைப்பின் மீது கடன் பெறும் வழி உண்டா என முதலில் கிளையில் கேளுங்கள். பொறி வீட்டுத் தொழிலுக்கானது என்றால், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கவும் வழியுண்டு.

பொறி ஓடாதபோது இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணைத் தேடி அழைப்போர் கவனிக்க: போலி எண்களும் அங்கே உலவுகின்றன. பொறிக்குள்ளோ பட்டியலிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். கைப்பேசியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-ஐ அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.

பழைய பொறியும் மைப்பெட்டியும் மின்னணுக் கழிவுகள். குப்பையில் எறியத் தக்கவையல்ல. ஹரித கர்ம சேனையினரிடம் கொடுக்கும் முறையை வார்டில் விசாரித்து அறியலாம்.

ஒரு குறிப்பேட்டின் பயன்

அந்த அம்மையாரிடம் அன்று யாம் கேட்டது ஒன்றே: “மாதம் எத்தனை பக்கம் அச்சிடுகிறீர்கள் அம்மா?” அவருக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் குறித்து வாருங்கள், அதுவரை தெருவிலுள்ள நகலகத்தில் அச்சிடுங்கள், வைப்பைத் தொட வேண்டாம் என்றோம்.

மாத இறுதியில் குறிப்பேட்டுடன் வந்தார். கறுப்பு 60, வண்ணம் 20. அந்த வண்ணப் பக்கம் 20-இல் 16 பொட்டலச் சீட்டுகள். சீட்டின் படமும் பெயரும் எப்போதும் ஒன்றே; தேதியும் தொகுதி எண்ணும் மட்டுமே மாறுகின்றன. அப்போதுதான் நான்காவது வழியொன்று இருப்பது எமக்கும் புலப்பட்டது. மாறாத சீட்டை அச்சகத்தில் மொத்தமாக நீர்புகாத் தாளில் அடித்துக்கொண்டு, மாறும் தேதியை முத்திரையாகக் குத்திவிடலாம். அவ்வாறே செய்தார். எஞ்சிய 60 கறுப்பும் 4 வண்ணமும் நகலகத்தில் மாதம் 220 ரூபாயில் முடிந்துவிடுகின்றன.

தொடர் வைப்பு உரிய நாளில் முதிர்ந்து மகளின் கல்லூரிக்குச் சென்றது. அம்மையார் இன்றுவரை புதிய பொறி வாங்கவில்லை. மகளின் படிப்புக்குப் பக்கங்கள் பெருகினால் வாங்குவதாகச் சொல்கிறார். குறிப்பேடு மட்டும் தொடர்கிறது.

வாசகர்களும் இம்மாதம் இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம். அச்சிடும் ஒவ்வொரு பக்கத்தையும் கறுப்பு, வண்ணம் எனப் பிரித்துக் குறியுங்கள். மாத இறுதியில் மேற்கண்ட கணக்கில் தங்கள் எண்களை இடுங்கள். விடை ‘வாங்குக’ என்று வந்தால் மனநிறைவோடு கடைக்குச் செல்லுங்கள். ‘வாங்கற்க’ என்று வந்தால் அப்பணம் தங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.